அன்றாட உணவும் நாளைய அச்சமும்

2022ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக இலங்கை அரசு அறிவித்தது. அது புனித வாரத்துச் செவ்வாய்க்கிழமை. ஆலயங்களில் பெரிய வியாழனுக்கான ஆயத்தங்கள் நடந்துகொண்டிருக்க, வெளியே எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் மக்கள் வரிசையில் நின்றனர். அவ்வாண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்று 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே தடவையில் உயர்த்தப்பட்டது. வெளியிணைப்பு இயந்திரப் படகை நம்பி வாழ்ந்த எமது கரையோரக் குடும்பங்கள், கடலுக்குச் செல்வது கட்டுப்படியாகுமா எனக் கணக்குப் பார்க்கும் நிலை வந்தது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை அண்மித்தது.

2023 முடிவதற்குள் அது ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது உண்மையே. ஆயினும் விலை ஏறும் வேகந்தான் குறைந்தது. ஏறிய விலைகள் நெருக்கடிக்கு முந்திய நிலைக்குத் திரும்பவில்லை. இதனை இல்லத்தரசிகளுக்குப் பொருளியலாளர் எவரும் விளக்கத் தேவையில்லை.

இத்தகைய வீடுகளில்தான் ஆண்டவர் கற்பித்த செபம் நாள்தோறும் சொல்லப்படுகிறது. அன்றன்றைய உணவை மட்டும் கேட்கும் அந்த மன்றாட்டுக்குப் பின்னால் பாலைநில மன்னாவின் வரலாறு நிற்கிறது. இஸ்ரயேலர் ஒரு நாளைக்குப் போதுமானதையே சேர்க்க வேண்டும் எனப் பணிக்கப்பட்டனர். நாளைக்கென்று ஒளித்து வைத்தவர்களின் பங்கு புழுத்து நாறியது. ஆறாம் நாளில் மட்டும், ஓய்வு நாளுக்காக இரு மடங்கு சேர்க்குமாறு கடவுளே கூறினார், அது கெடவில்லை.

அப்படியாயின் சேமிப்பது இறைநம்பிக்கைக்கு முரணாகுமா? பிள்ளையின் படிப்புக்கெனச் சிறுகச் சிறுகச் சேர்க்கும் தாய்மார் பலருக்கு இந்த ஐயம் உண்டு. எகிப்தில் யோசேப்பும் ஏழு ஆண்டுகள் தானியம் சேர்த்தார். லூக்கா நற்செய்தியில் வரும் அறிவற்ற செல்வனும் களஞ்சியங்களைப் பெரிதாக்கத் திட்டமிட்டான். முன்னவரின் களஞ்சியம் பஞ்சத்தில் ஊருக்குத் திறந்தது; பின்னவனின் திட்டத்தில் அவனைத் தவிர வேறு எவரும் இல்லை. 2022இல் பொருள்களைப் பதுக்கிய வியாபாரிகளைத் தூற்றினோம், சரிதான். தேவைக்கு மேல் எரிவாயுக் கொள்கலன்களை அடுக்கிய வீடுகளில் எம்முடையவை இருக்கவில்லையா?

'கடவுள் பார்த்துக்கொள்வார்' என்பது நல்ல சொல். ஆனால் வயிறு நிரம்பியவர் பசித்தவரிடம் அதனைச் சொல்லும்போது அது தட்டிக்கழிப்பாகிவிடுகிறது. நம்பிக்கை குறைந்ததாலேயே வறுமை வந்தது என்று போதிப்பவர்களைப் பற்றி இங்கு எழுத இடமில்லை. அவர்கள் யோபுவின் நூலை ஒருமுறை முழுமையாக வாசிக்கட்டும்.

புனித பவுல், எருசலேமின் ஏழைகளுக்காகக் கொரிந்தியரிடம் நிதி கேட்டபோது, இதே மன்னா நிகழ்ச்சியையே சுட்டிக்காட்டினார். மிகுதியாகச் சேர்த்தவருக்கு எஞ்சியதுமில்லை, குறைவாகச் சேர்த்தவருக்குக் குறைந்ததுமில்லை. பாலைநிலத்தில் வானிலிருந்து வந்த அந்தச் சமநிலை, எருசலேமுக்குக் கொரிந்தியரின் கைகள் வழியாக வர வேண்டியிருந்தது.

எமது ஊர்களில் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைப் புறம்பாக எடுத்து வைக்கும் வழக்கம் இருந்தது. மாத முடிவில் அரிசிப் பானை அடி தெரியும் நாளிலும் அந்தப் பிடியை எடுத்த பெண்கள் இருந்தார்கள். அந்தப் பாத்திரம் இப்போது எத்தனை அடுக்களைகளில் இருக்கிறது?