கொத்து நாட்டுச் சாப்பாடு, கொத்துப் போட்டவர்?



களனியில் இருந்துகொண்டு லண்டன் சாப்பாட்டுக்குச் சண்டை பிடிக்கிறோம். அங்குள்ள இலங்கை உணவகங்களில் கிடைப்பது அசல் கொத்தா, அசல் அப்பமா என்று எங்கள் ஆட்களுக்குள்ளேயே வாக்குவாதம். 2015இல் சோஹோவில் 'ஹொப்பர்ஸ்' திறந்தபோது வெள்ளைக்காரர்கள் வரிசையில் நின்று அப்பம் சாப்பிட்டார்கள் என்று பெருமைப்பட்டவர்களும் நாம்தான். இன்று "உறைப்புக் காணாது, இது போலி" என்பவர்களும் நாம்தான்.

சரி, அசல் எது?

உறைப்புக்குப் போடும் மிளகாயே போர்த்துக்கேயரோடு வந்தது. லம்ப்ரைஸ் பறங்கியர் வீட்டுச் சமையல். நாம் பெருநாளைக்கு மார்தட்டும் வட்டிலப்பம் மலாயர் தந்தது என்பார்கள். கொத்து என்ற சொல்லே தமிழ். கலப்பில்லாத இலங்கைச் சாப்பாடுதான் வேண்டும் என்றால் வெறும் பீங்கான்தான் மிஞ்சும்.

ஆகவே, உறைப்பையும் விலையையும் விடுங்கள். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு.

2018 பெப்ரவரியில் அம்பாறையில் நடந்தது நினைவிருக்கிறதா? ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் கிடந்த கட்டியை மலட்டு மாத்திரை என்றார்கள். கடையை உடைத்தார்கள், பள்ளிவாசலைத் தாக்கினார்கள். அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் சோதித்துப் பார்த்தால், அது வெறும் மாக்கட்டி! 2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு "அவர்களின் கடையில் சாப்பிடாதே" என்று பிரசாரம் வேறு.

கொத்து மட்டும் வெளிநாட்டில் நாட்டின் அடையாளம். இங்கே அதைக் கொத்துபவர் சந்தேக நபர். இந்த இரட்டை வேடத்தைப் பற்றி ஒருவரும் பதிவு போடவில்லையே, ஏன்?

நாமும் சுத்தமில்லை. வட்டிலப்பத்தைப் பரிமாறும்போது என்றைக்காவது மலாயரின் பெயரைச் சொல்லியிருக்கிறோமா? எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோமா? ஆசிரியர்களான எங்கள் மீதும் இந்தக் குற்றம் இருக்கிறது.

இனி வகுப்பில் "நமது நாட்டு உணவுகள்" என்று படம் ஒட்டச் சொன்னால், ஒவ்வொரு படத்துக்கும் கீழே அது எந்த மக்களின் அடுப்பிலிருந்து வந்தது என்றும் எழுதச் சொல்வோம். வீட்டில் உம்மாவிடமும் உம்மம்மாவிடமும் கேட்டு வரட்டும். பக்கத்து வீட்டு அன்ரியிடமும் கேட்டு வரட்டும்.

லண்டன் கடைக்காரர் தேங்காய்ப்பாலைக் குறைத்தால் ருசிதான் கெடும். சமைத்தவரைத் துரத்திவிட்டுச் சமையலுக்கு மட்டும் உரிமை கொண்டாடினால், போலி அந்தக் கடை அல்ல, நாம்தான்.