பேர் நின்ற பிறகும் அவர்கள் நம்மவர்களே

எங்கள் தோட்டங்களில் பிள்ளை மடுவம் இருக்கிறது. தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தையை அங்கே விட்டுப் போகிறார்கள். பயிற்சி பெற்ற ஒருவர் பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிறார். அதே நேரத்தில் லயத்துக் காம்பராவில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் அந்தக் குழந்தையின் பாட்டியை யார் பார்ப்பது? பகல் கொழுந்து நிறுத்துவிட்டு மகள் ஓடிவந்து தேத்தண்ணி கொடுக்கும்வரை ஒருவரும் இல்லை.

"தாய் தகப்பனைப் பார்ப்பது பிள்ளைகளின் கடமைதானே" என்று சிலர் சொல்கிறார்கள். நாங்கள் மறுக்கவில்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் பிள்ளைகள் இல்லாத, கைவிடப்பட்ட முதியோருக்கு இருப்பிடம் கொடுப்பது அரசின் கடமை என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆகவே கடமை காம்பரா வாசலோடு முடிந்துவிடுவதில்லை. மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான். மகள் ஒரு நாள் அம்மாவைக் கிளினிக்குக் கூட்டிப் போனால் ஒரு பேர் போய்விடுகிறது.

கிளினிக்கில் நடப்பதும் எங்களுக்குத் தெரியும். விடியுமுன் எழுந்து, பஸ் ஏறி, நம்பர் எடுத்துக் காத்திருந்தால், கேள்வி சிங்களத்தில் வருகிறது. அம்மாவுக்கு விளங்காததால் பக்கத்தில் நிற்பவர் பதில் சொல்கிறார். மூன்று வகைக் குளிசையோடு வீடு வருகிறார். எதை எப்போது குடிப்பது என்று தெரியாது. தலைசுற்று நின்றதும் பிரஷர் குளிசையையும் நிறுத்திவிடுகிறார். பிறகு ஒரு நாள் கை கால் இழுத்துக்கொள்கிறது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. தமிழில் விளக்கம் கேட்பது தயவு கேட்பது அல்ல.

முதியோரைப் பராமரிப்பது பழக வேண்டிய ஒரு தொழில். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறையாவது புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் புண் வரும். வருத்தத்தைப் பற்றி மகளிடம் மட்டும் கேட்காமல், அந்த அம்மாவின் முகம் பார்த்து அவரிடமே கேட்க வேண்டும். "ஏய் கிழவி" என்று கூப்பிடாமல் "அம்மா" என்று கூப்பிட வேண்டும். இதற்குப் பெரிய செலவு இல்லை, பயிற்சியும் மனமும்தான் வேண்டும்.

ஆகவே நாங்கள் கேட்பது இவை. பிள்ளை மடுவத்துக்கு இருப்பது போல, வயதானவர்களைப் பார்க்கவும் பயிற்சி பெற்ற ஒருவர் ஒவ்வொரு டிவிஷனுக்கும் வேண்டும். அவர் நம் தோட்டத்துப் பிள்ளையாகவே இருக்கலாம், ஆனால் சம்பளத்தோடு. நடக்க முடியாதவர்களைத் தோட்ட டிஸ்பென்சரியில் இருப்பவர் லயத்துக்கே வந்து பார்க்க வேண்டும். கிளினிக் நாளில் வாகனம் வேண்டும். ஆஸ்பத்திரியில் தமிழில் பேசுகிற ஆள் வேண்டும்.

பராமரிப்புக்குக் காசும் வேண்டும். நாட்சம்பளக்காரருக்கு, ஐந்து வருட சேவை இருந்தால், ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் என்ற கணக்கில் சேவைக்காலப் பணம் சேர வேண்டும். வேலை நின்று 30 நாளுக்குள் அதைக் கொடுக்க வேண்டும் என்பது 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். அந்தப் பணத்துக்காக அலைந்தபடியே, கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கும் முதியவர்களை நாம் காண்கிறோம்.

கடைசியாக, நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பேர் நின்றால் சந்தா நிற்கிறது. சந்தா நின்றால் சங்கத்தின் இடாப்பிலும் அவர் பெயர் இல்லை. வேலைநிறுத்தங்களில் முன்வரிசையில் நின்றவர்களை நாமே இப்படி மறந்தால், நிர்வாகத்திடம் எந்த முகத்தோடு கேட்பது? அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு தோட்டத் தலைவரும், மாதர் சங்கத் தலைவியும் தங்கள் லயங்களில் தனியாகவும் படுக்கையிலும் இருக்கும் முதியோரின் பட்டியலைக் கொண்டு வாருங்கள். 60 வயது கடந்தும் முதியோர் அடையாள அட்டை எடுக்காதவர்களின் பெயரையும் அதில் எழுதுங்கள். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நிர்வாகத்திடமும் பிரதேச செயலகத்திடமும் பேசுவோம்.