வீணாகக் கடலுக்குள் போகிறதாம்!

மாரி பிறந்தால் நமது பத்திரிகைகளில் ஒரு தலைப்பும் தவறாமல் பிறந்துவிடும்: 'நன்னீர் வீணாகக் கடலுக்குள் பாய்கிறது.' தொண்டைமானாற்றுக் கதவுகள் திறந்தாலும் இதே தலைப்பு. சுண்டிக்குளத்தால் வெள்ளம் வடிந்தாலும் இதே தலைப்பு. துணைக்குப் பராக்கிரமபாகு மன்னனையும் அழைத்துக்கொள்வார்கள். அவன் குளம் கட்டிய அரசன். நமது பிரச்சினையோ களப்பு.

அந்த 'வீண்' என்ற சொல்லோடுதான் எனக்கு வழக்கு.

குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடுவது. சுண்ணாம்புக்கல்லின் இடையே தேங்கும் மழைநீரையே கிணறுகளில் அள்ளுகிறோம். அதிலும் உவர் ஏறுகிறது, உரத்தின் நைத்திரேற்று கலக்கிறது. ஆகவே தண்ணீர் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் முன்வைத்து, பின்னாளில் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' எனப் பெயர்பெற்ற திட்டம் ஒரு பெரிய சிந்தனை என்பதிலும் மறுப்பில்லை. கனகராயன் ஆற்று நீரை ஆனையிறவுக் களப்பில் தேக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சிக் களப்புக்கு விட்டு, தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கதவிட்டுக் கடல்நீரைத் தடுப்பது அதன் சாரம். தொண்டைமானாற்றுத் தடுப்பணை அக்காலத்திலேயே எழுந்துவிட்டது. திட்டம் முழுமை பெறவில்லை. அது மீண்டும் மீண்டும் மேடைக்கு வருகிறது. வரும்போதெல்லாம் பேச்சில் வயல் இருக்கிறது, கிணறு இருக்கிறது. மீன் மட்டும் இல்லை.

களப்புக்கு மீன் எங்கிருந்து வருகிறது? களங்கட்டி வைப்பவரைக் கேட்டால் சொல்வார். வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில். அதன் குஞ்சு, கண்ணுக்குத் தட்டுப்படாத பருவத்திலேயே கடல்வாயால் களப்புக்குள் நுழைந்து, சில மாதங்கள் தின்று பெருத்து, மறுபடி கடலுக்குத் திரும்புகிறது. மணலையும் திரளியும் கடலில் பிறந்து களப்பில் வளர்பவையே. கொடுவா நன்னீரிலும் நன்றாக வளரும். ஆனால் இனம் பெருக்க அதற்கு உப்புநீர் வேண்டும். முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகளின் பின் பெண்ணாக மாறும் மீன் அது. அந்தப் பெரிய பெண்மீன் கதவுக்கு உட்புறம் அடைபட்டால் அதன் சினையால் யாருக்கும் பயனில்லை.

விலாங்கின் கதை எல்லாவற்றையும் விஞ்சியது. நன்னீரிலும் சேற்றிலும் ஆண்டுக்கணக்கில் கிடந்து, ஒரு மாரியில் வெள்ளத்தோடு இறங்கி, ஆழ்கடல் சென்று முட்டையிட்டு மடிகிறது. இலை வடிவில் பிறக்கும் அதன் குஞ்சு கண்ணாடிபோன்ற சிறு விலாங்காகி, கடலில் கலக்கும் நன்னீரின் மணத்தைத் தொடர்ந்து கரையை நாடுகிறது. நாம் வீண் என்கிற அந்த நீர்தான் அதற்கு முகவரி.

குளத்து மீன்களும் ஒரே இடத்தில் கிடப்பவை அல்ல. புதுவெள்ளம் வந்தால் விரால் வயலுக்குள் ஏறும். பனையேறிக் கெண்டை செவுள்மூடியை ஊன்றி ஈரத்தரையில் நடந்தே போகும். (தரங்கம்பாடியில் 1791இல் அதைப் பனைமரத்திலேயே பிடித்ததாக டால்டோர்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி எழுதிவைத்தார். நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.) குளங்களைத் தூர்த்து, வாய்க்காலுக்குக் குறுக்கே மதில் கட்டியபின் இவை எங்கே நடக்கும்?

'களப்பு நன்னீரானால் நன்னீர் மீன் வளர்க்கலாமே' என்று ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா வளரும், மறுக்கவில்லை. ஆனால் கட்லாவும் ரோகுவும் தேங்கிய நீரில் இனம் பெருக்குவதில்லை. மீண்டும் மீண்டும் குஞ்சு வாங்கி விட்டுக்கொண்டே இருக்கவேண்டும். தானே விதைத்துத் தானே விளையும் ஒரு வயலை அழித்து, விதைநெல்லுக்குப் பிறரிடம் கையேந்தும் வயலாக்குவதற்கு அபிவிருத்தி என்று பெயரா? களப்பை நம்பி வாழும் கடற்றொழிலாளர் எதிர்த்தால் மட்டும் அவர்களை விவசாயிகளின் பகைவர் என்பது எந்த நியாயம்?

இதெல்லாம் பிறர் பட்டுத் தெளிந்த பாடம். 1934இல் மேட்டூர் அணை எழுந்தபின் காவிரியில் உல்லம் மீனின் ஏற்றம் நலிந்தது. 1975இல் பராக்கா தடுப்பணை இயங்கத் தொடங்கியபின், கங்கையில் அலகாபாத் வரை ஏறிய அதே மீனுக்கு வழி அற்றுப்போனது. மறுபுறம் ஒடிசாவின் சிலிக்கா ஏரியைப் பாருங்கள். மணல் அடைத்து மீன்வளம் குன்றிய அந்த ஏரிக்கு 2000 செப்டெம்பரில் புதிய கடல்வாய் வெட்டினார்கள். சில ஆண்டுகளிலேயே மீனும் இறாலும் நண்டும் பன்மடங்காகத் திரும்பின. அங்கே வழியைத் திறந்து பிழைத்தார்கள். நாம் அடைத்துப் பிழைக்கப் பார்க்கிறோம்.

குடிநீர் என்ற பெயரைச் சொல்லி வாயடைக்கவும் முடியாது. தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டுவிட்டது. அதன் குறைநிறைகளை வேறொரு நாள் பேசலாம்.

தடுப்பணையை இடித்தெறியுங்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்பது சிறிது. கதவு எந்த மாதத்தில், எந்த வற்று வெள்ளத்தில், எத்தனை நாள் திறந்திருக்கும் என்பதை நீர்ப்பாசனப் பொறியியலாளர் மட்டும் தீர்மானிக்கக்கூடாது. அந்த மேசையில் கமக்காரருக்கு ஒரு நாற்காலி என்றால் களப்பில் வலை வீசுபவருக்கும் ஒன்று போடுங்கள். குஞ்சு உள்ளே வரும் காலத்தில் இரண்டொரு கதவையாவது உயர்த்திவையுங்கள். ஆனையிறவிலோ முள்ளியானிலோ இனி ஒரு கல் வைப்பதற்கு முன், அங்கே ஏறி இறங்கும் மீன்களை ஓராண்டு முழுவதும் எண்ணிப் பதிந்து, அந்தக் கணக்கைத் தமிழில் எல்லோரும் பார்க்க வெளியிடுங்கள்.