உதயகிரிக் கோட்டையிற் கண்ட தமிழ்

சென்ற திங்களில் ஒரு நாள் மிதிவண்டியிற் குளச்சல் வரை போய் வந்தோம். இப்பகுதியின் வழக்கப்படி 'வந்தோம்' என்று பன்மையில் எழுதினும், போனது ஓர் ஆளும் ஒரு பழைய சைக்கிளுமே. உடன் வருவதாகச் சொல்லியிருந்த அன்பர்கள் விடியற்காலையில் நழுவிவிட்டனர்.

பாறசாலையினின்று தெற்கே திரும்புமுன், வடக்கே நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணன் கோயிலுக்குச் சென்றோம். எட்டு வீட்டுப் பிள்ளைமாருக்கு அஞ்சி மார்த்தாண்ட வர்மர் பொந்தில் ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் அம்மச்சிப் பிலாவின் பட்ட அடிமரம் அங்கேதான் பாதுகாக்கப்பட்டு வருகின்றது. மரப்பொந்தில் ஒளிந்தவர் பின்னாளில் ஒல்லாந்தரை வென்றார் என்பதை எண்ணிக்கொண்டே களியக்காவிளை எல்லையைக் கடந்தோம். மார்த்தாண்டத்தில் காப்பி, கருங்கல் வழியே ஏற்ற இறக்கம், பிறகு கடல்.

ஒல்லாந்தக் கம்பெனிக்கு வேண்டியிருந்தது மிளகு. மார்த்தாண்ட வர்மர் அண்டைச் சிற்றரசுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வந்ததால் மிளகு வாணிகம் தம் கையை விட்டுப் போகுமென்று அஞ்சிய கம்பெனியார், குளச்சலிற் படை இறக்கினர். 1741 ஆகஸ்டில் தோற்றுச் சரணடைந்தனர். கரையிலே துடுப்புகளை நிறுத்தி வைத்துப் பெரும்படை நிற்பதுபோற் காட்டினராம் மீனவர். இது கரையோரத்தார் சொல்லும் கதை. வெற்றித் தூணருகில் நின்றபோது, வரலாற்று நூல்கள் அம்மீனவருக்கு இன்னும் சில வரிகள் கூடுதலாகத் தந்திருக்கலாமே என்று தோன்றியது.

பிடிபட்டவருள் ஒருவர் டிலனாய். ஒல்லாந்தரிடம் வேலை பார்த்தாரேயன்றிப் பிறந்தது இன்றைய பிரான்சிலுள்ள அர்ராஸ் நகரில். கைதியாக வந்தவர் மன்னரின் படையைப் பயிற்றி, 'வலிய கப்பித்தான்' ஆகி, 1777இல் இம்மண்ணிலேயே மறைந்தார். 1745இல் நீலகண்ட பிள்ளை கிறிஸ்தவராகித் தேவசகாயம் ஆனதற்கும், 2022இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டதற்கும் தொடக்கம் இவரது நட்பே.

இரணியல், தக்கலை வழியாகப் புலியூர்க்குறிச்சியை அடைந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. உதயகிரிக் கோட்டைக்குள் இடிந்த தேவாலயம். அதனுள் டிலனாயின் கல்லறை. கல்லில் இரண்டு மொழிகள்: ஒன்று இலத்தீன், மற்றொன்று தமிழ். கப்பித்தானின் பெயர் அக்கம்பக்கத்தார் கண்ணிலும் பட வேண்டுமென்று கல் நாட்டியவர் எண்ணியிருக்க வேண்டும். எழுத்துக் கூட்டியவாறு நெடுநேரம் நின்றோம்.

நின்றதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகிய தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லைக்கு இப்பால் நம் வீட்டுப் பிள்ளைகள் மலையாளத்தை நன்றாகவே கற்கின்றனர். அதில் நமக்குக் குறையில்லை. ஆனால் சென்ற வாரம் ஓர் அன்பர் வீட்டில், ஏழாம் வகுப்புப் படிக்கும் பையன் நம் சங்க இதழைத் தலைகீழாகப் பிடித்துப் படம் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டிற் பேசுவது தமிழ்தான். எழுத்து மட்டும் தெரியாது.

திரும்பும் வழியிற் குழித்துறைக்கு அருகே டயர் பஞ்சராகிவிட, வண்டியை உருட்டிக்கொண்டே இதைப் பற்றித்தான் எண்ணி வந்தோம். அடுத்த திங்களில் ஒரு ஞாயிறன்று பிள்ளைகளை வேனில் உதயகிரிக்கு அழைத்துச் செல்ல விரும்புகின்றோம். அதற்குமுன் நான்கு சனிக்கிழமை மாலைகளில் எழுத்துப் பயிற்சி. பெயர் கொடுக்க விரும்பும் பெற்றோர் செயலாளரிடம் தெரிவிக்கலாம். சிலேட்டு நாம் வாங்கித் தருவோம்.