யாருமில்லாத நிலமா அது?



ஜனவரி 26 என்றதும் உங்களுக்கு என்ன நினைவு வரும்? கொடியேற்றம், மிட்டாய், டில்லி அணிவகுப்பு... இல்லையா? ஆஸ்திரேலியாவிலும் அன்று தேசிய விழாதான். ஆனால் அங்குள்ள பழங்குடி மக்களில் பலர் அதைத் துக்க நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். ஏன் தெரியுமா?

1788-ஆம் ஆண்டு அதே நாளில்தான் ஆங்கிலேயர்கள் சிட்னியில் தங்கள் கொடியை ஏற்றினார்கள். 11 கப்பல்களில் கைதிகளும் சிப்பாய்களுமாக ஆயிரம் பேருக்கு மேல் வந்திறங்கினார்கள். அது யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்பதுபோல் நடந்துகொண்டார்கள். ஆனால், அங்கே 50,000 ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் வாழ்ந்து வந்தார்கள். அவர்கள் பேசிய மொழிகளே 250-க்கும் அதிகம்!

அந்த மக்கள் கிழங்கு தோண்டிச் சாப்பிட்ட ஆற்றங்கரைகளில் வெள்ளையர்கள் பண்ணை அமைத்து, மக்காச்சோளம் விதைத்தார்கள். கிழங்கும் போயிற்று, வேட்டைக்காடும் போயிற்று. பசியோடு வந்து சோளக்கதிரைப் பறித்தவர்களைத் 'திருடர்கள்' என்று சொல்லிச் சுட்டார்கள். யாருடைய நிலத்தில் யார் திருடர்? நீங்களே சொல்லுங்கள்!

இதை எதிர்த்து நின்றவர்களில் ஒருவர் பெமுல்வுய். சிட்னிக்கு அருகில் வாழ்ந்த பிட்ஜிகல் இனத்தவர். 1790-இல் ஆளுநரின் வேட்டைக்காரர் மீது அவர் ஈட்டி எறிந்தார். அவரைப் பிடிக்கச் சென்ற சிப்பாய்கள் காட்டில் அலைந்து களைத்து, வெறுங்கையோடு திரும்பினார்கள். அதன்பின் பல ஆண்டுகள் அவரும் அவருடைய ஆட்களும் பண்ணைகளைத் தாக்கினார்கள். பயிர்களுக்குத் தீ வைத்தார்கள். ஈட்டிக்கும் துப்பாக்கிக்கும் நடந்த போர் அது. இரு பக்கமும் உயிர்கள் போயின.

1797-இல் பரமட்டா என்ற ஊரில் நடந்த சண்டையில் பெமுல்வுய் உடம்பில் 7 குண்டுகள் பாய்ந்தன. பிழைக்கமாட்டார் என்றே எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் அவர் காலில் பூட்டிய விலங்கோடு மருத்துவமனையிலிருந்து தப்பிவிட்டார்! கடைசியில் 1802-இல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். தலையை வெட்டி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அது எங்கே இருக்கிறது என்று இன்றுவரை தெரியவில்லை. தொல்லை கொடுத்தவர் என்றாலும் வீரர், யாருக்கும் அடங்காதவர் என்று ஆளுநர் கிங்கே அவரைப் பற்றி எழுதினார். தந்தைக்குப் பின் மகன் டெட்பரி போராட்டத்தைத் தொடர்ந்தார்.

அவர்கள் தோற்றுவிட்டார்களா? நிலத்தை இழந்தார்கள், உண்மை. ஆனால் சொந்தக்காரர் இல்லாத நிலம் என்றால் அதைக் காக்க உயிரைக் கொடுப்பவர் யார்? பிற்காலத்தில் அந்தப் போராட்டம் நீதிமன்றத்துக்குப் போயிற்று. டாரஸ் நீரிணையில் உள்ள ஒரு சிறு தீவில் பிறந்த எடி மாபோ, தன் ஊராரோடு சேர்ந்து 1982-இல் வழக்குப் போட்டார். 'யாருக்கும் சொந்தமில்லாத நிலம்' என்ற வாதம் செல்லாது என்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1992-இல் தீர்ப்பளித்தது. அதைக் கேட்க மாபோ உயிரோடு இல்லை. சில மாதங்களுக்கு முன்புதான் காலமாகியிருந்தார்.

குழந்தைகளே, 'இன்னார் இந்த நாட்டைக் கண்டுபிடித்தார்' என்று புத்தகத்தில் படித்தால், ஆண்டை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு நகராதீர்கள். 'அவர் வருவதற்கு முன் அங்கே யார் இருந்தார்கள்? அவர்கள் என்ன ஆனார்கள்?' என்று கேளுங்கள். அப்படிக் கேட்டுப் படிப்பதுதான் வரலாற்றுப் பாடம்.

அன்புடன்,
ஆசிரியர்