பழைய எக்ஸ்கவேட்டரும் ஓட்டுநரின் சம்பளமும்

தோழர்களே, சென்ற மாதம் நம் தோட்டத்தில் நடந்த ஒரு சங்கதியை முதலில் சொல்லிவிடுகிறோம். மறுநடவுக்காகப் பழைய பால்மரங்களைத் தள்ளிக்கொண்டிருந்த எக்ஸ்கவேட்டர், காலை ஒன்பது மணி அளவில் முழு வேகம் எடுக்க மறுத்து நின்றுவிட்டது. ஓட்டுநரின் முன்னால் உள்ள திரையில் 110 என்றும் அதன் பக்கத்தில் 3 என்றும் இரண்டு எண்கள் விழுந்தன. பட்டணத்துப் பட்டறைக்காரர் வந்தார். எண்ணைப் பார்த்தார். "இஞ்சின் சூடு" என்றார். அவ்வளவுதான், தண்ணீர் பார்க்காமல் வண்டியை ஓட்டினார் என்று ஓட்டுநர் தலையில் பழி விழுந்தது.

அவர் பால்வெட்டிலிருந்து இந்த வேலைக்கு வந்தவர். ஆபீஸ் வாசலில் நின்று, "கிராணி ஐயா, தண்ணி நெறஞ்சுதான் இருந்துச்சு. மூடியத் தெறந்து பாத்துட்டுத்தான் ஏறினேன்" என்றார். அவர் பேச்சை எடுத்துக்கொள்வார் இல்லை. ஐந்து நாள் அவர் பெயருக்கு நேரே செக்ரோலில் கோடு விழுந்தது. அந்தக் கோட்டைப் போட்டது நம் கை. ஆகவேதான் இதை எழுத வேண்டியதாயிற்று.

இந்த எண்கள் மந்திரம் ஒன்றுமில்லை. கனரக வண்டிகளின் இஞ்சின்களுக்கு ஜே1939 என்று ஒரு பொது விதி இருக்கிறது. அதன்படி முதல் எண் எந்த இடத்துச் சமாச்சாரம் என்று சொல்லும். இரண்டாம் எண் அங்கே என்ன கேடு என்று சொல்லும். 110 என்பது இஞ்சின் குளிர்நீரின் சூடு. 100 என்பது இஞ்சின் எண்ணெயின் அழுத்தம். 110-க்குப் பக்கத்தில் 0 நின்றால், தண்ணீர் மெய்யாகவே அளவு மீறிச் சூடேறியிருக்கிறது. 3 நின்றால் சங்கதி வேறு. சூட்டை அளக்கும் சென்சரின் வயரில் மின் அழுத்தம் இருக்க வேண்டிய அளவுக்கு மேலே போய்விட்டது என்று பொருள். 4 என்றால் கீழே இறங்கிவிட்டது. 5 என்றால் மின்னோட்டம் போதவில்லை, அல்லது சுற்று அறுந்திருக்கிறது. கோமாட்சு, ஹிட்டாச்சி போன்ற கம்பெனிகள் தங்களுக்கென்று தனிக் குறிகளும் வைத்திருப்பதால், அந்தந்த மாடலுக்குரிய புத்தகத்தைப் பார்த்தே பொருள் கொள்ள வேண்டும்.

ஆக, நம் ஓட்டுநரைக் காப்பாற்றக்கூடிய சாட்சி அந்தத் திரையிலேயே நின்றுகொண்டிருந்தது. பட்டறைக்காரர் 110-ஐப் படித்தார், 3-ஐப் படிக்கவில்லை. புதுச் சென்சர் மாட்டினார், எண் போகவில்லை. அடுத்தபடி கன்ட்ரோலரையே மாற்ற வேண்டும் என்று விலை எழுதிக் கொடுத்தார். அந்த விலையைக் கண்ட பிறகுதான் நிர்வாகத்துக்கு இரண்டாவது யோசனை வந்தது. ஓட்டுநரின் ஐந்து நாளுக்கு வராத யோசனை அது!

பக்கத்துத் தோட்டத்து வயர்மேன் தோழர் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் சாவியை நிறுத்தி, சென்சரின் கனெக்டரைக் கழற்றி, வயர்ப் பக்கத்து இரண்டு துளைகளையும் ஒரு சிறு கம்பியால் இணைத்தார். மறுபடி சாவியைப் போட்டார். வயர் நன்றாக இருந்தால் 3 என்பது 4 ஆக மாற வேண்டும் என்றார். மாறவில்லை. சென்சர் மேல் குற்றமில்லை என்று அந்த இடத்திலேயே தெரிந்துபோயிற்று. (இரண்டு வயர் மட்டும் உள்ள சூட்டுச் சென்சருக்கே இந்தச் சோதனை பொருந்தும். மூன்று வயர் உள்ள அழுத்தச் சென்சரில் இப்படி இணைக்கக் கூடாது.) பிறகு மல்டிமீட்டரை வைத்து வயரைப் பின்தொடர்ந்து போனார். இஞ்சினுக்குப் பின்புறம், கறுப்பு டேப் சுற்றிய ஓர் ஒட்டு. பிரித்தால் பச்சைக் களிம்பு. செம்பு பொடியாய் உதிர்ந்தது.

அந்த ஒட்டை நம் தோட்டத்தில் எவரும் போடவில்லை. வாங்கும்போதே வண்டியோடு வந்தது அது. மலிவு என்று வாங்கிய பழைய வண்டியின் முந்தைய முதலாளி செய்த அவசர வேலைக்கு, நம் ஓட்டுநர் சம்பளம் கட்டியிருக்கிறார்.

பழைய வண்டிகளில் இது புதுமையே இல்லை. விற்பதற்கு முன் பதிவான எண்களையெல்லாம் அழித்துவிட்டுக் கொண்டுவந்து நிறுத்தலாம். ஒரு முழு நாள் வேலை வாங்கிய பிறகு எவை திரும்பி வருகின்றன என்று பார்த்தால்தான் உண்மை தெரியும். ஒரே நேரத்தில் நாலைந்து எண்கள் விழுந்தால் நாலைந்து சாமான்கள் கெட்டுவிட்டன என்று நினைத்துவிடக் கூடாது. பல சென்சர்களுக்குப் பொதுவாகப் போகும் 5 வோல்ட் வயரையோ, எர்த் வயரையோ, பேட்டரியையோ முதலில் பார்க்க வேண்டும். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்த 24 வோல்ட் வண்டியில், இஞ்சின் ஓடும்போது ஏறத்தாழ 28 வோல்ட் காட்ட வேண்டும். பேட்டரி தளர்ந்திருந்தால் ஸ்டார்ட் செய்யும் நேரத்திலேயே பொய்யான எண்கள் விழும். பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் பக்கெட்டுக்கு வெல்டிங் வைத்து கன்ட்ரோலரைக் கெடுப்பவர்களும் உண்டு. அதற்கும் கடைசியில் ஓட்டுநரைத்தான் கேட்பார்கள்.

ஓட்டுநர்கள் தவறே செய்ய மாட்டார்கள் என்று நாம் வாதிடவில்லை. 110-0 விழுந்து, சிவப்பு விளக்கு எரிந்து, அதன் பிறகும் ஒருவர் ஓட்டிக்கொண்டேயிருந்தால் அவரைக் கேட்க வேண்டியதுதான். கேட்பதற்கு முறை இருக்கிறது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, முறையான விசாரணைக்குப் பிறகே தண்டனை என்கிறது. விசாரணைக்காக வேலையிலிருந்து நிறுத்தி வைத்தால் அது ஒரு வாரத்தைத் தாண்டக் கூடாது. அந்த நாட்களுக்குப் பாதிச் சம்பளமாவது கொடுக்க வேண்டும். குற்றம் இல்லையென்று தெரிந்தால் பிடித்து வைத்த மீதியையும் கொடுத்தாக வேண்டும். 24-ஆம் பிரிவோ, சட்டம் அனுமதித்த பிடித்தங்களைத் தவிர வேறெதையும் சம்பளத்தில் கைவைக்க விடுவதில்லை. நம் தோழருக்கு விசாரணையும் இல்லை, பாதிச் சம்பளமும் இல்லை.

அந்த ஐந்து நாள் சம்பளத்தைக் கேட்டு நம் கிளை எழுத்து மூலம் மனுக் கொடுத்திருக்கிறது. கூடவே மூன்று காரியங்களையும் கேட்டிருக்கிறோம். எண் விழுந்தவுடன், எவரும் அழிப்பதற்கு முன், இரண்டு எண்களையும் நேரத்தோடு ஒரு புத்தகத்தில் எழுதி ஓட்டுநரும் கிராணியும் கையெழுத்திட வேண்டும். அந்த வண்டியின் குறிப் புத்தகத்தில் ஒரு பிரதி ஓட்டுநர் கைக்கு வர வேண்டும். ஸ்டோரில் ஒரு மல்டிமீட்டர் இருக்க வேண்டும்.

மீட்டருக்கான கோரிக்கைத் தாளை நாமே எழுதித் துரையின் மேசையில் வைத்துப் பதினொரு நாளாகிறது. இன்னும் கையெழுத்து விழவில்லை. வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, அதே ஓட்டுநர்தான் ஓட்டுகிறார்.