விதிகளை இணைத்துப் பார்த்தல்

அமெரிக்காவில் இளங்கலைப் பட்டம் பெற்றபின் சட்டக் கல்லூரியில் சேர விரும்புவோர் எழுதும் எல்சாட் தேர்வில், 2024 ஜூன் வரை, மாணவர்கள் ‘லாஜிக் கேம்ஸ்’ என்று வழங்கிய பகுப்பாய்வுப் பகுதி ஒன்று இருந்தது. சட்ட அறிவு சிறிதும் வேண்டாத அப்பகுதியில், ஒரு சூழலும் அதனைக் கட்டுப்படுத்தும் சில விதிகளும் கொண்ட புதிர்கள் நான்கினை 35 நிமிடங்களில் விடுவிக்க வேண்டும்.

க, ச, ட, த, ப என்னும் ஐந்து சாட்சிகள், நாளுக்கு ஒருவராக ஐந்து நாட்களில் விசாரிக்கப்படுகின்றனர் எனக் கொள்வோம். ச-வுக்கு முன் க-வும், ட-வுக்கு முன் ச-வும் வர வேண்டும்; த-வுக்குரியது மூன்றாம் நாள்; ப-வுக்கு மட்டும் விதி ஏதுமில்லை. விதி இல்லாதவரை ஒதுக்கிவிட்டு மற்றவர்களை முயன்று பார்ப்பதே பழகாதவர் செய்வது. ஆனால் ப-வை ஏதேனும் ஒரு நாளில் அமர்த்தியவுடன், எஞ்சிய மூன்று நாட்களில் க, ச, ட ஆகியோர் ஒரே ஒரு முறையில்தான் அமைய முடியும் என்பதால், 120 வரிசைகள் நான்காகச் சுருங்கிவிடுகின்றன. ட நான்காம் நாளிலோ ஐந்தாம் நாளிலோதான் வர முடியும் என்பது எந்த விதியிலும் எழுதப்படவில்லை. விதிகளை இணைத்ததால் கிடைத்த முடிவு அது. வினாக்களைத் தொடுமுன் இத்தகைய முடிவுகளைத் தேடி எழுதிக்கொள்வதே இக்கலையின் உயிர்நிலை.

நிபந்தனை விதிகளில் வேறொரு எச்சரிக்கை தேவைப்படும். ‘க குழுவில் இருந்தால் ச-வும் இருப்பார்’ என்பதிலிருந்து, ச இல்லையெனில் க-வும் இல்லை என்று கொள்ளலாமே தவிர, ச இருப்பதால் க-வும் இருப்பார் என்று கொள்ளலாகாது. சட்டப் பிரிவு ஒன்றைத் தலைகீழாகப் படிப்பவர், சட்டம் சொல்லாததை அதன் மேல் ஏற்றிவிடுகிறார். சட்டம் பயில்வோருக்கு இப்பயிற்சி உண்மையிலேயே பயன்படுவது இவ்விடத்தில்தான்.

எனினும், குறுகிய நேரத்தில் இப்புதிர்களை விடுவிக்கப் பெரும்பாலோர் கட்டம் வரைந்தே பழகியதால், பார்வையற்ற தேர்வர்களுக்கு இப்பகுதி பெருந்தடையாயிற்று. பார்வையற்றோர் இருவர் தொடுத்த வழக்கு 2019-இல் சமரசத்தில் முடிந்தது. அதன் தொடர்ச்சியாக, 2024 ஆகஸ்ட் முதல் இப்பகுதி நீக்கப்பட்டு, வாதங்களை ஆராயும் பகுதி ஒன்று கூடுதலாகச் சேர்க்கப்பட்டது. படம் வரையும் வேகம் வழக்கறிஞருக்குரிய தகுதியன்று என்பதால் அம்முடிவு நியாயமானதே. ஆயினும் பழைய வினாத்தாள்கள் இன்றும் கிடைக்கின்றன. சட்டம் பயில விரும்பும் மாணவர்கள், கடிகாரத்தைப் பாராமல், அவற்றுள் சிலவற்றையேனும் விடுவித்துப் பார்க்க வேண்டும்.